ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்

ஜெர்மனிக்கு மாணவர்கள் படிக்கப் போவது கல்விக் கட்டணம் இல்லாததால்தான் என்பது பரவலான எண்ணம். வரலாறு வேறு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டணம் இருந்தது, கூட்டமும் இருந்தது. இழுத்தது ஆராய்ச்சி. 1810-இல் வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட்டின் முயற்சியில் உருவான பெர்லின் பல்கலைக்கழகம் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் ஒன்றாக்கியது. கீசன் நகரில் லீபிக் நடத்திய வேதியியல் ஆய்வகத்தைத் தேடி இங்கிலாந்திலிருந்து மாணவர்கள் வந்தார்கள். அமெரிக்கர்களோ ஜெர்மனியில் கற்ற முறையைத் தம் நாட்டுக்கே கொண்டுபோனார்கள். 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அதன் விளைவு. இந்தியாவின் ஜாகிர் உசேனும் ராம் மனோகர் லோகியாவும் பெர்லினில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்கள்.

1933-இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் யூதப் பேராசிரியர்களைத் துரத்தினார்கள். அறிஞர்கள் போன திசையில், முக்கியமாக அமெரிக்காவுக்கு, மாணவர்களும் திரும்பினார்கள். இழந்த பெயரை மீட்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1925-இல் தோன்றிய டாட் என்னும் கல்விப் பரிமாற்ற அமைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950-இல் மீண்டும் நிறுவப்பட்டு உதவித்தொகை வழங்கியது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் சென்னை ஐ.ஐ.டி. எழுந்ததும் இக்காலத்தில்தான்.

கட்டண விலக்கு அவ்வளவு பழையதும் அல்ல, உறுதியானதும் அல்ல. 2005-இல் அரசியல் சாசன நீதிமன்றம், கட்டணத்தைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டத்தை நீக்கியது. சில மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வரை வசூலித்துப் பார்த்தன. எதிர்ப்பு வலுத்ததால் 2014-க்குள் எல்லாம் கைவிட்டன. ஆனால் 2017 முதல் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் தொடங்கிவிட்டது. அங்கே பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை. கட்டணம் இல்லாத இடத்திலும், வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 யூரோவை, மாதந்தோறும் ஓர் அளவுக்கு மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்ட்டில் போட்டுக் காட்டினால்தான் பொதுவாக விசா.

ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகள் பெருகியதும், பட்டம் பெற்றபின் 18 மாதம் தங்கி வேலை தேடலாம் என்ற விதியும் இன்றைய ஈர்ப்பின் பெரும்பகுதி. நாட்டில் உழைக்கும் வயதினர் குறைந்து வருகிறார்கள், பொறியாளர்கள் தேவைப்படுகிறார்கள். விதியைத் தளர்த்தியதில் தாராள மனத்தைவிட இந்தக் கணக்கே அதிகம். 2022-23-இல் இந்தியர்கள் சீனர்களை முந்தி, அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் பிடித்தனர். ஆங்கிலத்திலேயே பட்டம் வாங்கிவிடலாம். வேலைக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழி வேண்டும்.