உமாநாத், ஆர்.

மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர், தொழிற்சங்கவாதி. பிறப்பு காசர்கோடு. 1962, 1967 தேர்தல்களில் புதுக்கோட்டையிலிருந்து மக்களவைக்குச் சென்றார். மனைவி, பொன்மலை ரயில்வே தொழிலாளர்களிடையே பணியாற்றிய பாப்பா உமாநாத்.

பதவியிலிருந்தபோதே 1964 இறுதியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். மக்கள் அனுப்பிய உறுப்பினரை அவைக்குப் போகவிடாமல் அரசு அடைத்துவைக்கலாமா? திருச்சி உறுப்பினர் ஆனந்த நம்பியாரும் அவரும் உச்ச நீதிமன்றத்தில் கேட்டனர். தடுப்புக்காவலுக்கு எதிராக உறுப்பினருக்குத் தனிப் பாதுகாப்பில்லை என்று 1965இல் தீர்ப்பாயிற்று. தோற்ற வழக்குதான், ஆனால் நாடாளுமன்றச் சிறப்புரிமை பற்றிய விவாதங்களில் இன்றும் இதைத் தவிர்க்க முடியாது.

பின்னர் நாகப்பட்டினம் சட்டமன்ற உறுப்பினர் (1977, 1980). கட்சியின் அரசியல் தலைமைக்குழுவிலும் இருந்தார். 2014இல் திருச்சியில் மறைந்தார். அவர் வென்ற புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி இப்போது இல்லை.