விருந்துக்கு வராத பூனை



கிழக்காசிய மக்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு விலங்குகளின் பெயர்களை வழங்கிவருகின்றனர். எலியில் தொடங்கும் அவ்வரிசை எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கு ஒரு நாட்டார் கதை உண்டு. கடவுள் விலங்குகளை விருந்துக்கு அழைத்தார். விருந்து ஒருநாள் பிந்தியே நடைபெறும் என்று எலி பூனையை ஏமாற்றிவிட்டு, எருதின் முதுகிலேறிச் சென்று முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. பூனை உறங்கிக் கிடந்தது. வரிசையில் அதற்கு இடமில்லாமற் போயிற்று.

பல ஆண்டுகளுக்கு முன் இக்கதையை என் பெறாமகளுக்குச் சொன்னேன். அப்போது அவள் சிறு பிள்ளை. எலியின் தந்திரத்தைக் கேட்டுச் சிரிப்பாள் என்றே எதிர்பார்த்தேன்.

"பூனை பாவமெல்லோ, பெரியப்பா? பிறகு அதுக்கு என்ன நடந்தது?" என்றாள்.

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அதனை நான் கண்டது நத்சுகி தகாயா என்னும் யப்பானியப் பெண் எழுத்தாளர் வரைந்த 'புரூட்ஸ் பாஸ்கட்' என்ற சித்திரக்கதையிலேதான். 'ஹானா தோ யுமே' எனும் சஞ்சிகையில் 1998 முதல் 2006 வரை தொடராக வெளிவந்து, 23 பாகங்களாக நூலுருப் பெற்ற படைப்பு இது.

தாயை விபத்தில் இழந்து, கூடாரமொன்றில் தனித்து வாழும் பாடசாலை மாணவி தோரு. அவளுக்கு அடைக்கலம் கொடுக்கும் சோமா குடும்பத்தில் ஒரு சாபம் தொடர்ந்துவருகிறது. எதிர்ப்பாலார் அணைத்தால் அக்குடும்பத்தாரிற் சிலர் பன்னிரு விலங்குகளாக மாறிவிடுவர். பதின்மூன்றாமவன் கியோ. அவனே பூனை. தோருவும் குழந்தைப் பருவத்தில் இந்த நாட்டார் கதையைத் தாயிடம் கேட்டு, பூனைக்காக இரங்கியவள். தானும் பூனையாகிவிடப்போவதாகச் சொன்னவள்.

விலங்காக மாறும் காட்சிகள் தொடக்கத்தில் நகைப்பையே தருகின்றன. நகைப்பு விரைவில் அடங்கிவிடுகிறது. பெற்ற பிள்ளையை அணைத்தபோது அது முயலாக மாறியதைத் தாங்கமாட்டாத ஒரு தாய், அப்பிள்ளையைப் பற்றிய நினைவையே தன் மனத்திலிருந்து அழிப்பித்துக்கொள்கிறாள். பிள்ளையோ அவளைத் தூரத்தில் நின்று பார்த்து வளர்கிறான். அமானுஷ்யம் இங்கே மாயவித்தை காட்டுவதற்காக வரவில்லை. அணைப்பு மறுக்கப்பட்ட பிள்ளைகள் எப்படி வளர்கின்றார்கள் என்பதைக் காட்டவே வருகிறது. காதலும் அந்த வழியாகவே வருகிறது.

இப்படைப்பின் வேர்களைத் தேடிப் பின்னோக்கிச் செல்வோமாயின் இரு மைல்கற்களைக் காணலாம். ஒசாமு தெசுக்கா 1953இல் தொடங்கிய 'ரிபொன் நோ கிஷி'யில் ஓர் இளவரசி இளவரசனாக வளர்க்கப்படுகிறாள். 1949ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த பெண் படைப்பாளிகள் எழுபதுகளில் சிறுமியர் சித்திரக்கதைக்கு உளவியல் ஆழம் தந்தனர். அவர்களுள் ஒருவரான மொத்தோ ஹாகியோ 1972இல் தொடங்கிய 'போ நோ இச்சிசொகு'வில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இரத்தம் உறிஞ்சும் குலத்தவனாகி, என்றும் வளராது நூற்றாண்டுகளைக் கடக்கிறான். ஆணாக வளர்க்கப்படும் பெண், முடிவில்லாத வாழ்வு ஆகிய இவ்விரு இழைகளும் தகாயாவிடம் ஒன்றுசேர்கின்றன. சோமா குடும்பத்தின் தலைமையில், 'கடவுள்' என்ற இடத்தில் இருக்கும் அகித்தோ ஆணாக வளர்க்கப்பட்ட பெண் என்பது கதையின் நடுப்பகுதியைத் தாண்டியே வெளிப்படுகிறது.

2001இல் அகிதாரோ டாய்ச்சி இயக்கிய 26 அத்தியாயக் கார்ட்டூன் தொடர் வெளிவந்தபோது மூலக்கதை முடிந்திருக்கவில்லை. ஆகவே அத்தொடர் ஏறத்தாழ ஆறாம் பாகத்துடன் நின்றது. அகித்தோவை அது ஆணாகவே கொண்டது. கியோவின் அருவருப்பான மறு உருவத்தைத் தோரு ஏற்றுக்கொள்கிறாள், சாபமோ நீங்கவில்லை. அதன் மென்மையையும் நகைச்சுவையையும் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆயினும் அது ஆறுதலோடு அமைந்துவிட்டது. வளர்ந்து ஆளாகும் கதைக்கு ஆறுதல் மட்டும் போதாது. காலமும் வேண்டும்.

அக்காலம் 2019இல் வாய்த்தது. யொஷிஹிதே இபாத்தாவின் இயக்கத்திலும் தகாயாவின் மேற்பார்வையிலும் 2021 வரை வெளிவந்த 63 அத்தியாயங்கள் கதையை இறுதிவரை கொண்டுசென்றன. என் பெறாமகளின் கேள்விக்கு விடையும் அங்கேயே கிடைக்கிறது. தனிமையில் வாடிய கடவுளிடம் முதன்முதல் வந்து நட்புக்கொண்டது பூனையே. சாகுந் தறுவாயிலிருந்த அதற்குக் கடவுள் நித்திய பந்தத்துக்கான மதுவைப் புகட்டினார். பூனை அந்த நித்தியத்தை விரும்பவில்லை. முடிவுள்ள வாழ்வை ஏற்கும்படி கடவுளையும் வேண்டிற்று. மற்றைய விலங்குகள் அதனைத் துரோகம் என்றன. சாபம் என்று பிற்காலத்தவர் நொந்துகொண்டது, என்றும் பிரியோம் என்று தொடக்கத்தில் அன்போடு கொடுத்த வாக்கேயாகும்.

எனவேதான் இச்சாபத்தை எந்த மந்திரமும் முறிப்பதில்லை. நாட்பட்ட கயிறுபோல ஒவ்வொருவரிடமும் அது இற்றுப்போகிறது. எஞ்சியதை அகித்தோவே கைவிடுகிறாள். விடுதலை பெற்றவர்கள் மகிழ்ந்து கூத்தாடவில்லை, அழுகிறார்கள். நம்மைப் பிணித்ததும் ஓர் உறவுதானே! இளம் வாசகர்கள் இப்படைப்பைத் தம்முடையதாகக் கொண்டாடுவதற்கு இந்த நேர்மையே காரணமென்று கருதுகிறேன். வளர்வதில் ஓர் இழப்பும் உண்டென்று அது அவர்களுக்கு மறைக்காமற் சொல்கிறது.

பெறாமகள் இப்போது வேறோர் ஊரில் வேலை பார்க்கிறாள். கதை கேட்கும் வயதைக் கடந்துவிட்டாள். இறுதி அத்தியாயத்தைப் பார்த்த இரவு தொலைபேசியில் அழைத்தாள்.

"பூனைக்கு என்ன நடந்ததெண்டு இப்ப தெரியும், பெரியப்பா" என்றாள்.

வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.