கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்: மூன்று கட்டளைகள் பிறந்த கதை

லினக்ஸில் பழகிய விரல்களுக்கு இந்த மூன்றும் மனப்பாடம். மூலநிரலை டார் கோப்பாக இறக்கிப் பிரித்து, மூன்றையும் வரிசையாகத் தட்டினால் மென்பொருள் நம் கணினியிலேயே கம்பைல் ஆகி உட்கார்ந்துவிடும் (எல்லாம் ஒத்துவந்தால்). வரிசையில் நடுவே நிற்கும் மேக்தான் வயதில் மூத்தது.

1976, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் திட்டிக்கொண்டே நுழைகிறார். காலைப்பொழுது முழுக்க ஒரு பிழையைத் தேடி அலுத்துப்போயிருந்தார். பிழையோ முன்பே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பைத் திரும்பக் கம்பைல் செய்யத்தான் மறந்திருந்தார்; பழைய ஆப்ஜெக்ட் கோப்பே ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் மாலை ஃபெல்ட்மேன் பட்ட பாடும் இதேதான். அந்த வார இறுதியிலேயே மேக் வேலையைத் தொடங்கிவிட்டார்.

யோசனை எளிது. எந்தக் கோப்பு எதை நம்பி இருக்கிறது என்று மேக்ஃபைலில் எழுதிவைத்துவிட வேண்டும். மேக் இரு கோப்புகளும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். சி கோப்பு ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் புதியதா? அதை மட்டும் கம்பைல் செய்யும்; மற்றதைத் தொடாது. நினைவு வைத்துக்கொள்ளும் பொறுப்பு மனிதனிடமிருந்து கடிகாரத்துக்குப் போனது.

மேக்ஃபைலில் ஒரு தொல்லையும் உண்டு. கட்டளை வரி டேப் விசையில்தான் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி விட்டாலும் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும். மேக் மட்டும் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று நின்றுவிடும். இதை மாற்றியிருக்கலாமே என்றால், சில வாரங்களுக்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுக்குச் சங்கடம் தர ஃபெல்ட்மேனுக்கு மனமில்லை. பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தாட்சண்யத்தை உலகமே இன்னும் சுமக்கிறது. மேக்குக்காக 2003-ல் அவருக்கு ஏசிஎம் விருதும் கிடைத்தது.

கான்ஃபிகர் பிறந்த காரணம் வேறு. யூனிக்ஸ் பல நிறுவனங்களுக்குப் போய், ஆளுக்கொரு விதமாகிவிட்டது. ஒரே மூலநிரல் எல்லா எந்திரத்திலும் ஏற வேண்டும். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புரியாத சிக்கல் அல்ல. அங்குள்ள குடுமியான்மலைப் பாறையில் 7-ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை வரிசையாகப் பொறித்தவர்கள், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழில் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். எட்டு நரம்பு, ஏழு நரம்பு வாத்தியங்களை இது சொல்வதாக ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். கருவி மாறினாலும் பாடம் ஒன்றே.

மென்பொருளுக்கு அந்தக் குறிப்பை எழுதும் வேலை டேவிட் மெக்கன்சியின் தலையில் விழுந்தது. 1991 ஜூனில் அவர் க்னூ கருவிகள் பலவற்றைப் பராமரித்துவந்தார். பயனர் தன் எந்திரத்துக்கேற்பக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டிய விருப்பங்கள் இருபதை எட்டியிருந்தன. ஒவ்வொரு வெளியீட்டையும் பல கணினிகளில் சோதிக்க வேண்டியிருந்த அவருக்குத்தான் இதில் முதல் தலைவலி. அந்த எந்திரத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் ‘கான்ஃபிகர்’ என்ற சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். அது மற்றக் கருவிகளுக்கும் பரவியது. பிறகு ஸ்கிரிப்டைக் கையால் எழுதுவதே பாரமாகிவிட, அதை எழுதித்தரவே ஆட்டோகான்ஃப் வந்தது.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. பாஸ் டெபியன் வழி வந்தது என்பதால் ஆயத்தப் பொதிகளே போதும். பலருக்கு கம்பைல் செய்யும் அவசியமே வரவில்லை. ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ ஒருவர் துணிந்து மூலநிரலில் இறங்கினால், அவரைப் பெரும்பாலும் நிறுத்துவது கான்ஃபிகர்தான். ‘செக்கிங் ஃபார்’ என்று சரசரவென ஓடும் வரிகள் திடீரென ‘நோ’ என்று நிற்கும். லைப்ரரி கணினியில் இருக்கும். பெயர்க்கடைசியில் ‘டெவ்’ என்று வரும் அதன் ஹெடர் பொதிதான் இருக்காது. சந்தேகமிருந்தால் ‘கான்ஃபிக் லாக்’ கோப்பைத் திறக்க வேண்டும். கடைசி வரிகளில் தேடினால் கிடைக்காது. அங்கே மாறிகளின் நீண்ட பட்டியல்தான் இருக்கும். உண்மையான பிழை அந்தப் பட்டியலுக்கு மேலே இருக்கிறது.