பணிதலும் பழியும்: குத்துக்குப் பணியும் போட்டியாளர் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில், எதிராளியின் குத்துகளைத் தாங்கமாட்டாமல் தரையைத் தட்டித் தோல்வியை ஏற்கும் வீரர் கோழை எனப் பழிக்கப்படுகிறார். கழுத்துப்பிடிக்கோ மூட்டுப்பூட்டுக்கோ பணிபவருக்கு அப்பழி பெரும்பாலும் நேர்வதில்லை. இவ்வேறுபாடு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. போட்டி விதிகளின் வரலாறும் பழந்தமிழ்ப் புறத்திணை மரபும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பணியாமையை உயர்ந்த பெருமையாகப் போற்றும் நினைவு உசிலம்பட்டி வட்டாரத்தில் இன்றும் உயிர்ப்புடன் இருப்பதால், பழிப்போர் தரப்பின் வலுவான வாதத்தை எதிர்கொள்ள அவ்வட்டார வரலாறு துணைக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பணிதல், புறப்புண், தழிஞ்சி, பெருங்காமநல்லூர், ரேகைச் சட்டம், குத்துச்சண்டை

விதி பிறந்த முறை

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. போட்டித் தொடரின் முதல் நிகழ்வு நடைபெற்றது. களத்தில் நடுவர் இருந்தார். எனினும் சண்டையைத் தாமாக நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வழங்கப்படவில்லை. ஒருவர் நினைவிழக்க வேண்டும், அல்லது தட்டிப் பணிய வேண்டும், அல்லது அவருடைய தரப்பினர் களத்துக்குள் துண்டை வீச வேண்டும். இம்மூன்றுமே முடிவுக்கான வழிகள். 1994 மார்ச் 11 அன்று நடந்த இரண்டாம் நிகழ்வின் இறுதிச் சுற்றில், ராய்ஸ் கிரேசியின் குத்துகளுக்குக் கீழே கிடந்த பேட்ரிக் ஸ்மித் ஒன்றரை நிமிடத்திற்குள் பணிந்தார். குத்துக்குப் பணிதல் என்பது இவ்விளையாட்டின் தொடக்கத்திலேயே இறுதிச் சுற்றொன்றை முடித்துவைத்த முறையாகும். பிற்காலத்தில் கோழைகள் கண்டுபிடித்த குறுக்குவழி அன்று.

நடுவருக்கு நிறுத்தும் அதிகாரம் அதன் பின்னரே வந்தது. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் நியூ ஜெர்சி மாநிலத்தில் உருப்பெற்ற ஒருங்கிணைந்த விதிகள் அதனை நிலைப்படுத்தின. பழிப்பவரின் வாதம் இவ்விடத்தில்தான் வேர்கொள்கிறது. கழுத்து நெரிபடும்போது நடுவரால் அளவறிய இயலாது, ஆகவே பணியலாம். குத்துவிழும்போது நடுவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் நிறுத்தும்வரை தாங்குவதே வீரம் என்பது அவர்கள் கூற்று. தன் உடலைக் காக்கும் முடிவை வீரர் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். நடுவர் காண்பது வெளித்தோற்றம் மட்டுமே. கண் மங்குவதையும் காது அடைப்பதையும் அடிபடுபவர் ஒருவரே அறிவார்.

உடலியல் நோக்கிலும் இவ்வாதம் தலைகீழாகவே அமைகிறது. கழுத்தின் குருதிக்குழாய்களை அழுத்தும் பிடியில் ஏறத்தாழப் பத்து நொடிகளில் நினைவு தப்பும். உடனே விட்டுவிட்டால் பெரும்பாலும் சில நொடிகளில் மீளும். தலையில் விழும் அடி அத்தகையதன்று. அது சேர்ந்துகொண்டே போகும். முன்னாள் குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட தடுமாற்றத்தையும் நினைவுக் குலைவையும் 1928 இல் ஹாரிசன் மார்ட்லண்ட் மருத்துவ இதழில் எழுதினார். அன்று தொடங்கிய ஆய்வு இன்றளவும் அத்திசையிலேயே செல்கிறது. மீளக்கூடிய தீங்குக்குப் பணிந்தவரை மன்னித்து, மீளாத தீங்குக்குப் பணிந்தவரைப் பழிப்பதற்கு வீரம் குறித்த பழைய மனப்படிமம் ஒன்றே காரணமாக இருத்தல் கூடும்.

புறப்புண்ணும் தழிஞ்சியும்

தமிழில் அம்மனப்படிமத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பட்ட படைக்கலம் முதுகையும் ஊடுருவியதால் உண்டான புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அவன் புறமுதுகிடவில்லை, ஆயினும் முதுகில் புண் இருந்தது என்பதே போதுமானதாயிற்று. மகன் புறங்காட்டி மடிந்தான் எனக் கேட்ட முதிய தாயொருத்தியின் சினத்தைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்று 278 ஆம் பாட்டு காட்டுகிறது. சிறுவர் விளையாட்டில் இன்றும் ஒலிக்கும் ‘தோத்தாங்கோளி’ என்ற ஏளனத்துக்கு இத்தகைய நீண்ட முன்வரலாறு உண்டு.

ஆனால் இச்சான்றுகளை மட்டும் எடுத்துக்காட்டி நிறுத்திக்கொள்வது, மேடைப் பேச்சுக்குப் பொருந்தலாம், ஆய்வுக்குப் பொருந்தாது. அதே வெண்ணிப் போரைப் பாடிய வெண்ணிக்குயத்தியார் (புறம் 66), வென்ற கரிகாலனை முன்னிலைப்படுத்திக்கொண்டே தோற்றவனை அவனினும் நல்லவனாகப் போற்றினார். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, வஞ்சிப் படலத்தில் தழிஞ்சி என்னும் துறையைப் பேசுகிறது. தோற்றுப் பின்வாங்குவோர்மேல் வாளோச்சாமையே அத்துறையின் பொருள். அவ்வாறு ஓச்சாமல் நிற்பதையே அந்நூல் தறுகண்மை என்கிறது என்பது கவனத்திற்குரியது. தொல்காப்பியத் துறைக்கு உரைமரபில் கொள்ளப்படும் ஒரு பொருள், படைக்கலத்தால் அழிந்தோரைத் தழுவிப் பேணுதல் என்ற பக்கம் சாய்கிறது. இரண்டும் வேறு பொருள்கள். எனினும் அழிந்தவனைப் பழித்தல் இரண்டிலும் இல்லை. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரமும் அவ்வாறே. விழுப்புண் படாத நாளை வீண்நாளாக எண்ணும் 776 ஆம் குறளுக்கு மூன்று குறள் முன்னதாகவே, பகைவனுக்கு இடுக்கண் நேர்ந்தபோது உதவுதலை ஆண்மையின் கூர்மை எனும் 773 ஆம் குறள் நிற்கிறது.

படைப்போர் வேறு, மற்போர் வேறு என மறுக்கலாம். மற்போருக்கும் சான்று உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடினார் (புறம் 80). ஒரு கால் மல்லனின் மார்பில், மற்றொரு கால் அவன் முதுகில் என, பிடியின் அமைப்பையே கண்முன் நிறுத்தும் அரிய பாட்டு அது. மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானை உவமையாகிறது. அப்பாட்டின் கொளு மல்லனை ‘அட்டு’ நின்றான் என்கிறது. அடுதல் என்பதற்குக் கொல்லுதல், வெல்லுதல் என இரு பொருளும் உண்டு. ஆமூர் மல்லன் பிழைத்தானா என்பதைச் சொல்லாராய்ச்சியால் மட்டும் முடிவுசெய்ய இயலாது. பாட்டு அவனை வலிமை உடையவனாகவே அறிமுகம் செய்கிறது. கிள்ளிக்குப் பெருமை சேர்ப்பதே புலவரின் நோக்கம் என்ற போதிலும், அடியில் கிடந்தவனை இகழ்ந்து அப்பெருமையை ஈட்ட அவர் முயலவில்லை.

பெருங்காமநல்லூர்

உசிலம்பட்டியைச் சூழ்ந்த பிறமலைக் கள்ளர் நாட்டில் பணியாமை என்ற சொல்லுக்கு நாளும் இடமும் உண்டு. 1911 ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அங்கே நினைவுத்தூண் எழுந்துள்ளது. ஆண்டுதோறும் அந்நாள் நினைவுகூரப்படுகிறது. வட்டார வழக்கில் அச்சட்டத்தின் பெயரே ரேகைச் சட்டம் என்பதாகும். இந்நிலத்தில் நின்று ‘பணிந்தவனைப் பழிக்கலாகாது’ என்று கூறுவது எளிதன்று. ‘பதினாறு பேர் கை நீட்ட மறுத்துச் செத்தார்கள், களத்தில் இவன் கையால் தட்டிப் பிழைத்தான்’ என்ற ஒப்பீடு உடனே எழும்.

அவ்வொப்பீடு எவ்விடத்தில் முறிகிறது எனக் காண வேண்டும். ரேகை பதிந்தவருக்கு அதனோடு எதுவும் முடியவில்லை, அதனோடுதான் தொடங்கியது. பெயர் பதிவேட்டில் ஏறியது. இரவில் காவல்நிலையத்திலோ குறித்த இடத்திலோ சென்று படுக்க வேண்டியிருந்தது. ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. தந்தைக்குப் பின் மகனும் அதே பதிவேட்டின் கீழ் வந்தான். சென்னை மாகாணத்தில் 1947 இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை அப்பணிவுக்கு முடிவே இல்லை. போட்டிக் களத்தில் தட்டுதல் இதற்கு நேர் எதிரானது. தட்டியவுடன் அடி நிற்கிறது. நிற்காவிடில் அடிப்பவரே விதி மீறியவர் ஆகிறார். தட்டியவர் எழுந்து எதிராளியின் கையைக் குலுக்கி வீட்டுக்குச் செல்கிறார். மறுமுறை சமமானவராகவே களம் புகுகிறார். பணிந்த பின்னும் அடி தொடரும் இடத்தில் பணியாமை அறமாகிறது. பணிந்தால் அடி நிற்கும் இடத்தில் அச்சொல்லைக் கடன் வாங்குவது, பெருங்காமநல்லூரின் பதினாறு உயிர்களின் பொருளையும் குறைத்துவிடும்.

மற்றொன்றும் இங்கே கருதத்தக்கது. பிற ஊர்களில் ரேகை வைத்தோர் மிகப் பலர். பொதுநினைவில் அவர்களுக்கு இடம் குறைவு. ஆயினும் அவர்களைக் கோழைகள் என எந்த வரலாற்றாசிரியரும் எழுதத் துணியமாட்டார். கள்ளர்களுக்காக வாதாடி, அவர்களால் ‘ரோசாப்பூ துரை’ என அன்புடன் அழைக்கப்பட்ட மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பின் பழி சட்டத்தின்மேல் இருந்தது. ரேகை வைத்தவர்மேல் இருந்ததில்லை.

பழிக்கு உரிய இடம்

பணிவை ஒருபோதும் ஏற்காத சமூகம் ஒன்று பண்டைக் கிரேக்கத்தில் இருந்தது. பங்க்ரேஷன் எனும் கலப்புச் சண்டையில் தோற்பவர் விரல் உயர்த்திப் பணிவது வழக்கம். ஸ்பார்ட்டர் அத்தகைய போட்டிகளில் தம்மவரைச் சேரவிடவில்லை எனப் பழைய நூலாசிரியர்கள் எழுதியுள்ளனர். தம் வீரர் வாயிலிருந்து பணிவு வரலாகாது என எண்ணியோர் களத்தை விட்டு விலகி நின்றனர். அது நேர்மையான நிலைப்பாடு. பணிதலை விதியாகக் கொண்ட களத்தில் வீரரை இறக்கிவிட்டு, அவ்விதியை அவர் பயன்படுத்தியதும் ஏசுவது அத்தகையதன்று.

பழிக்க எதுவுமே இல்லை என்பதும் கட்டுரையின் கருத்தன்று. 1980 நவம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்சில் சுகர் ரே லெனர்டுடன் மோதிய ரொபெர்ட்டோ துரான் எட்டாம் சுற்றில் முதுகைத் திருப்பிப் போட்டியை விட்டார். அவர் கடும் அடியில் சிக்கியிருக்கவில்லை. லெனர்டு அவரை ஏளனம் செய்துகொண்டிருந்தார். குறுகிய காலத்தில் எடை குறைத்த முறையும் எடைபார்ப்புக்குப் பின் மிகுதியாக உண்டதும் காரணமாகக் கூறப்பட்டன. ஆயத்தமின்மை பழிக்குரியது, பந்தயப் பணத்துக்காகப் பணிதல் அதனினும் இழிந்தது. இவை களத்துக்கு வெளியே நிகழ்ந்த குற்றங்கள். தலையில் குத்துகள் விழும் நொடியில் தட்டுகின்ற கை அவற்றுள் ஒன்றன்று.

குத்துச்சண்டையில் நின்றபடியே அடிபட்டு மாண்டவர் பட்டியல் நீளமானது. 1962 மார்ச் 24 அன்று எமில் கிரிஃபித்திடம் கயிற்று மூலையில் சிக்கிய பென்னி பாரெட் பணியவில்லை. நடுவர் நிறுத்தியபோது காலம் கடந்திருந்தது. பத்து நாள்களில் அவர் இறந்தார். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காம் சுற்றுவரை நின்று வீழ்ந்து, சில நாள்களில் இறந்தார். உலகப் பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்ததற்கு அச்சாவு முதன்மைக் காரணமாயிற்று.

1975 அக்டோபர் 1 அன்று மணிலா அருகே முகமது அலியுடன் பதினான்கு சுற்றுகள் பொருத ஜோ ஃபிரேசியருக்குக் கண்கள் வீங்கி மூடிவிட்டன. பதினைந்தாம் சுற்றுக்கு எழ அவர் விரும்பினார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை உட்காரவைத்துப் போட்டியை முடித்துக்கொண்டார். தாமாகத் தட்டாத வீரருக்காக மற்றொருவர் தட்டினார் என்றே அதனைக் கொள்ள வேண்டும். ஃபட்ச்சைக் கோழை என்று குத்துச்சண்டை வரலாறு எழுதவில்லை.