பச்சைச் செதில்பூச்சி

காப்பி, எலுமிச்சை, கொய்யா, இட்லிப்பூ முதலிய செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் மென்செதில் பூச்சி. அறிவியல் பெயர் காக்கஸ் விரிடிஸ். காக்சிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கைத் தோட்டக்காரராக இருந்து பின்னர் அரசுப் பூச்சியியலாளரான எட்வர்டு எர்னஸ்ட் கிரீன் 1889-இல் இதற்குப் பெயரிட்டார். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோயால் நொடித்திருந்த இலங்கைக் காப்பித் தோட்டங்களை இப்பூச்சி மேலும் சீரழித்தது. இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் காணப்படுகிறது. தமிழகத்தில் நீலகிரி, சேர்வராயன், பழனி மலைக் காப்பித் தோட்டங்கள் இதற்கு இலக்காகின்றன.

முதிர்ந்த பூச்சி சுமார் 3 மி.மீ. நீளம், தட்டையான முட்டை வடிவம், வெளிர்பச்சை நிறம். முதுகின் தோலூடே உணவுக்குழல் கருங்கோடாகத் தெரியும். ஆண் மிக அரிது. பெண்பூச்சி தனித்தே இனம்பெருக்கும். குஞ்சுகள் ஊர்ந்துபோய் இலையடியின் நடுநரம்பிலும் இளந்தண்டிலும் வரிசையாக ஒட்டிக்கொள்ளும்.

இது வெளியேற்றும் இனிப்புக் கழிவை நாடி எறும்புகள் மொய்க்கும். பூச்சியை அதன் எதிரிகளிடமிருந்தும் காக்கும். அக்கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலையை மூடுவதால் ஒளிச்சேர்க்கை குன்றும்.

பொறிவண்டுகளும், பூச்சியைச் சுற்றி வெண்வளையமாகப் படரும் பூசணமும் இதன் இயற்கை எதிரிகள். கண்டபடி மருந்தடித்தால் இவையும் மடியும். செடியில் எறும்புச் சாரை ஏறினால், முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்.