விழித்தெழும் நேரம்

பாக்கார் ஆராங் என்னும் மலாய்ப் பெயரிலேயே கரியும் நெருப்பும் இருக்கின்றன. கரிப்பெட்டியால் துணி தேய்த்த காலத்தில், தணல் பிடிக்கும்வரை நாம் காத்திருந்தோம். வால்வு வானொலியும் அப்படித்தான். வால்வுக்குள் இருக்கும் இழை சூடேறிய பிறகே குரல் கேட்கும்.

1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடேற வேண்டிய தேவையில்லை. 1954-இல் கடைக்கு வந்த டிரான்சிஸ்டர் வானொலி, திருகியவுடனே பேசியது.

அப்படியானால், கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களைக் கொண்ட நமது கைத்தொலைபேசி எழுந்திருக்க ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது? வானொலிக்கு ஒரே வேலை. கைத்தொலைபேசிக்கோ பல வேலைகள். மின்சாரம் பாய்ந்ததும் முதலில் ஒரு சிறு நிரல் எழுகிறது. அது பெரிய நிரலை எழுப்புகிறது. பெரிய நிரல் திரை, ஒலி, தொலைத்தொடர்பு ஆகியவற்றை ஆயத்தப்படுத்துகிறது. ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருந்தால் தாமதம் கூடுகிறது.

பெரட்டில் கடைசி ஆள் வந்து சேரும்வரை எவரையும் நிரைக்கு அனுப்பாவிட்டால் பால்வெட்டு என்னவாகும்? அதே கதைதான்.

2008-இல் இன்டெல் நிறுவனத்துப் பொறியாளர்களான ஆர்யன் வான் டெ வென், ஔகே கொக் இருவரும் ஒரு சிறிய, மலிவான மடிக்கணினியை 5 விநாடியில் எழச் செய்து காட்டினார்கள். இன்டெல் நமக்குப் புதிய பெயரன்று. 1972 முதல் பினாங்கில் தொழிற்சாலை நடத்தும் நிறுவனம் அது. அவ்விருவரும் முதலில் காலத்தைப் பங்கிட்டார்கள். கணினியின் மைய நிரலுக்கு 1 விநாடி, தொடக்கப் பணிகளுக்கு 1, திரை அமைப்புக்கு 1, மேசைத்திரைக்கு 2 என்று வரம்பு கட்டினார்கள். ஒருங்கே செய்யக்கூடியவற்றை ஒருங்கே செய்தார்கள். அவசரமில்லாதவற்றைப் பின்னுக்குத் தள்ளினார்கள், வேண்டாதவற்றை நீக்கினார்கள்.

சில விநாடிகளுக்காக இத்தனை பாடா என்று நாம் கேட்கலாம். பின்னோக்கி நகரும் காரின் பின்னால் நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் பல உயிர்கள் போயின. ஆகவே, 2018 மே முதல் அமெரிக்காவில் விற்பனைக்காகத் தயாராகும் புதிய கார்களில், ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் பின்புறக் காட்சி திரையில் தெரிய வேண்டும் என்று விதி வந்தது. அங்கே பாட்டும் வரைபடமும் காத்திருக்கலாம். கேமரா காத்திருக்கக் கூடாது.

முதலில் எழ வேண்டியது எது, பொறுக்கக்கூடியது எது என்று பிரித்தறிவதே இந்த வரலாறு நமக்குத் தரும் பாடம்.