சடையும் தலைத்தோலும்: எழுதப்படாத ஒரு வரலாறு

வால்மீகி இராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில் பெரும்பாலோர் விரைவாகக் கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. கங்கையைக் கடக்குமுன் இராமன் குகனை அழைத்து ஆலம்பால் கொண்டுவரச் சொல்கிறான். அந்தப் பாலைத் தடவித் தன் தலையிலும் இலக்குவன் தலையிலும் சடையைத் திரித்துக்கொள்கிறான். அதன் பின்னரே ஓடம் புறப்படுகிறது. உரையாசிரியர்கள் இதனைத் துறவுக்கோலத்தின் தொடக்கமாகக் காண்பர். அது சரியே. ஆயினும் இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியும் இருக்கிறது. அரண்மனையில் எண்ணெயிட்டு நீராட்டிப் பேணப்பட்ட தலைமுடி ஓரிரவில் சடையாகிவிடாது. ஆலம்பால் பிசுபிசுப்பானது, காய்ந்தால் இரப்பர்போல் இறுகும், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பல ஆண்டுகளில் தானாக நேரவேண்டியதைக் கவி ஒரு காலைப்பொழுதில் நிகழ்த்திக்காட்டுகிறார். சடை என்பது முடியைக் கவனியாமல் விட்டதன் விளைவு மட்டுமன்று, திட்டமிட்டுச் செய்துகொள்ளக்கூடிய பொருளும்கூட என்பது அக்காலத்தவர் அறிந்ததே.

தமிழ் இந்த இருமையை வினைச்சொற்களில் காத்து வைத்திருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்குத் தாய் சடை பின்னுகிறாள், சடை போடுகிறாள். பல நாள் சீவாத தலையில் சடை விழுகிறது. முடி சடை பிடிக்கிறது. பெயர்ச்சொல் ஒன்றுதான். முன்னதில் செய்பவர் உண்டு, பின்னதில் இல்லை. கன்னடத்தில் ‘ஜடெ’ என்பதும் பெண்களின் பின்னலையும் துறவியரின் திரிந்த முடியையும் ஒருசேரக் குறிக்கும். சடை தெய்வத்தின் வருகை எனும் நம்பிக்கை இந்தத் தன்வினையில்தான் ஊன்றி நிற்கிறது. மனிதர் எவரும் செய்யாதது, ஆகவே வேறொருவர் செய்தது என்பதே அதன் தருக்கம்.

வடமொழியில் இச்சொல்லின் பரப்பு இன்னும் விரிவு. நாரடர்ந்த வேரும் ஆலின் விழுதும் ‘ஜடா’ எனப்படும். வேதச் சொற்களை முன்னும் பின்னுமாக முறுக்கி ஓதும் முறைக்கு ஜடாபாடம் என்று பெயர். இமயமலைச் சாரலில் வளரும் சடாமாஞ்சிலும் தன் நார்செறிந்த கிழங்கின் தோற்றத்தால் இப்பெயர் பெற்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சடாமாஞ்சில் கூந்தல் தைலத்தில் சேரும் மூலிகை. எண்ணெய் தொடக்கூடாத சடைமுடியோரின் பெயரைத் தாங்கிக்கொண்டு அது பிறர் தலைக்குக் குளிர்ச்சி தருகிறது.

எண்ணெய் விலக்கு தற்செயலானதன்று. மனுஸ்மிருதி பிரமசாரிக்கு எண்ணெய்ப் பூச்சை மறுக்கிறது. அவன் தலையை முற்றும் மழிக்கலாம், சடையாக விடலாம், அல்லது குடுமியை மட்டும் சடையாக்கிக்கொள்ளலாம். காட்டில் வாழும் வானப்பிரஸ்தன் சடையும் தாடியும் நகமும் வளர்க்கவேண்டும். நான்காம் நிலையிலுள்ள சந்நியாசியோ அவற்றைக் களைந்தவனாக இருக்கவேண்டும். இந்த வேறுபாட்டைத் துலக்கியவர் பாட்ரிக் ஒலிவெல். மழித்த தலையையும் சடைத் தலையையும் பொதுவாகத் ‘துறவு’ என ஒரே கூடையில் போட்டுவிட முடியாது. இரண்டும் சமூகத்தோடு இருவேறு உறவுகளைச் சொல்கின்றன என்று அவர் விளக்கினார். சமூகத்துக்குள் வாழ்பவனின் முடி கட்டுப்படுத்தப்பட்டது. சடையன் ஊரிலிருந்து உடலளவில் விலகியவன்.

இந்த வாசிப்பு வலுவானது. எனினும் அதில் தலைத்தோல் இல்லை. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் நாள்தோறும் தலைக்கு எண்ணெய் வைப்பவருக்குத் தலைவலியும் வழுக்கையும் நரையும் அணுகா என்கிறது. சுசுருதம் பொடுகு போன்ற தலைத்தோல் நோய்களைப் பெயரிட்டுக் கூறுகிறது. ஆக, ஒரு நூல்மரபு நலம் என்று கண்டதை இன்னொரு நூல்மரபு விலக்கியிருக்கிறது. அந்த விலக்குக்கு உட்பட்டவன் அரிப்பை என்ன செய்தான் என்ற கேள்வி அறநூல்களுக்கு எழவில்லை.

எழுந்த இடங்களும் உண்டு. பௌத்த விநயம் துறவியின் முடிக்கு இரண்டு விரற்கடை நீளம் அல்லது இரண்டு மாத காலம் என வரம்பு கட்டியது. சமணத்தில் இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் கையால் முடியைப் பறித்தெடுக்கும் கேசலோசம் கட்டாயமாயிற்று. அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று பேன். முடி வளர்ந்தால் பேன் சேரும், சொறிந்தால் உயிர் மடியும், கொல்லாமை பிழைபடும். தலைத்தோலின் அரிப்பு இங்கே நேரடியாக அறவியலுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆயினும் சமணச் சிற்பிகள் முதல் தீர்த்தங்கரர் ரிஷபரை மட்டும் தோளில் புரளும் முடிக்கற்றைகளோடு வடித்தனர் என்பது கவனத்துக்குரியது. அவரை அடையாளம் காண ஆய்வாளருக்கு இன்றும் அதுவே முதற்குறி.

பாலி நூல்கள் சடிலர் எனும் சடைமுடித் துறவியரை மதிப்போடும் ஐயத்தோடும் பார்த்தன. உருவேலா, நதி, கயா என்னும் அடைகளோடு வழங்கும் காசியப உடன்பிறப்பினர் மூவரும் தம் ஆயிரம் சீடரோடு சடையைக் களைந்து ஆற்றில் விட்டுப் புத்தரிடம் சேர்ந்தனர் என்பது மரபு. பிற சமயத்திலிருந்து வருவோர் நான்கு மாதம் காத்திருக்கவேண்டும் என்ற விதியிலிருந்து தீவளர்க்கும் சடிலருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வினைப்பயனை அவர்கள் ஏற்பவர்கள் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அதே வேளையில், சடையால் ஒருவன் பிராமணன் ஆவதில்லை என்று தம்மபதம் இடித்துரைக்கிறது.

சடையைக் களையாது வைத்துக்கொண்டோர் அதனோடு வாழ ஒரு நடைமுறையை வளர்த்தெடுத்தனர். மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 மயிர்கள் உதிர்கின்றன. சீவும் தலையில் அவை சீப்போடு போகும். சடையில் அங்கேயே சிக்கிக் கற்றையைத் தடிப்பாக்கும். தலைத்தோல் சுரக்கும் நெய்ப்பசையும் வியர்வையும் தூசியும் அதனுள் சேரும். நனைந்த சடை எடை கூடி வேர்க்கால்களை இழுக்கும். தொடர்ந்து இழுபட்டால் அவ்விடத்தில் முடி நிலையாகவே உதிரும். அடர்ந்த கற்றையின் உட்புறம் உலர நெடுநேரமாகும். உலராமல் முடிந்து கட்டினால் பூஞ்சை பிடித்து நாறும். இன்று சடை வளர்க்கும் எவருக்கும் சொல்லப்படும் அறிவுரையின் சாரம் இதுதான்: தோலைக் கழுவு, கற்றையைப் பிழி, முழுதும் உலரவிடு, இறுக்கிக் கட்டாதே.

வடஇந்திய அகாடாக்களின் நாகா சாதுக்களிடம் இந்த நான்கும் வேறு வடிவில் காணக்கிடைக்கின்றன. ஆற்றுநீராடல் உண்டு, பின்பு சடையைப் பிரித்துத் தோளில் விட்டு வெயிலில் அமர்வது உண்டு. சாணமும் விறகும் எரிந்த துனியின் சாம்பலைத் தலையிலும் உடலிலும் பூசுவது உண்டு. சாம்பல் ஈரத்தையும் எண்ணெய்ப்பசையையும் உறிஞ்சும், காரத்தன்மையும் உடையது. சமயக்குறி என்று மட்டும் படிக்கப்படும் திருநீறு, இங்கே தலைத்தோலுக்கான உலர்பொடியாகவும் பணிசெய்கிறது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஆனால் இவ்வாழ்க்கைக்கு ஆறு வேண்டும், வெயிலில் அமர நேரம் வேண்டும், உதவிக்குச் சீடர் வேண்டும்.

இவை மூன்றும் வாய்க்காத தலைகளும் இருந்தன. வடகருநாடகத்திலும் தென்மகாராட்டிரத்திலும் சவதத்தி எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்கள் பெரும்பாலும் தலித் சமூகத்தவர். ஒரு சிறுமியின் தலையில் சடை விழுந்தால் அது தேவியின் அழைப்பு. அவள் நேர்ந்துவிடப்பட வேண்டியவள். சடையைச் சீவக்கூடாது, வெட்டக்கூடாது. 2009-இல் வெளிவந்த ‘ஜோகவா’ எனும் மராத்தித் திரைப்படத்தின் நாயகி சுலியின் வாழ்வு திரும்புவது இப்புள்ளியில்தான். வயலில் வெயிலிலும் மழையிலும் வேலைசெய்யும் ஒரு பெண்ணின் தலையில் அந்தக் கற்றை கழுத்துவலியாகவும், பேனாகவும், புண்ணாகவும் இருக்கும். ஆணின் சடை தவம்; பெண்ணின் சடை நேர்ச்சை. முன்னது விரும்பி ஏற்றது, பின்னது விழுந்தது. மேலே கண்ட வினைச்சொல் வேறுபாடு இங்கே ஒருத்தியின் வாழ்வையே தீர்மானித்துவிடுகிறது.

மானிடவியல் இத்தலைகளை எப்படிப் பார்த்தது? 1958-இல் எட்மண்ட் லீச் எழுதிய ‘மாயமுடி’ கட்டுரை, முடியைப் பாலுணர்வின் பொதுக்குறியீடாகக் கொண்டது. அந்தக் குறியீடு சமூகத்துக்கு உரியதேயன்றித் தனிமனித உளவியலுக்கு உரியதன்று என்றும் வாதிட்டது. 1981-இல் வெளிவந்த ‘மெடூசாவின் கூந்தல்’ நூலில் கணநாத் ஒபயசேகர இதை மறுத்தார். இலங்கையின் கதிர்காமத்தில் சடைமுடியோடு ஆடிய பெண்ணைக் கண்டபோது தமக்குள் எழுந்த அச்சத்திலிருந்தே அவர் தொடங்கினார். அப்பெண்களின் சடை அவரவர் துயர வாழ்விலிருந்து முளைத்தது, பின்னர் ஊரறிந்த பொருளைப் பெற்றது என்று அவர் காட்டினார். லீச்சின் வாதத்தைவிட இது பன்மடங்கு நுட்பமானது. அப்பெண்கள் வாழ்க்கைக்கதையோடு நூலுக்குள் வருகிறார்கள். இருந்தும் இரு தரப்புக்கும் சடை ஒரு பொருள்தரும் குறி. அந்தக் குறியின் அடியிலுள்ள தோல் இவ்விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

தோலைப் பற்றிப் பேசியவர்கள் சீர்திருத்தக்காரர்கள். நரேந்திர தாபோல்கர் 1989-இல் தொடங்கிய மகாராட்டிர மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பின் தொண்டர்கள் ஊரூராகச் சென்று, குடும்பத்தாரோடு பேசி, தேவிக்குக் கோபம் வராது என்று நம்பவைத்துப் பெண்களின் சடையை வெட்டினர். 2013 ஆகஸ்ட் 20 அன்று தாபோல்கர் புனேயில் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னும் அப்பணி நிற்கவில்லை. கருநாடகத்தில் 1982-ஆம் ஆண்டின் தேவதாசி நேர்ச்சைத் தடைச் சட்டத்துக்குப் பின் எழுந்த இயக்கங்களும் சடையை இலக்காக்கின. 2009-இல் லூசிண்டா ராம்பெர்க் எழுதிய ஆய்வுக்கட்டுரை, தேவியின் இருப்பாகக் கொள்ளப்பட்ட ஒன்று சீர்திருத்தத்தின் பார்வையில் வெறும் அழுக்காக மாறிய கதையைச் சொல்கிறது. அவருடைய கவலை நியாயமானது. வெட்டப்படுவது முடி மட்டுமன்று. சாதிப்படிநிலையின் அடியில் இருந்த பெண்ணுக்கு ஊரில் கிடைத்த ஒரே சமய அதிகாரமும் அதனோடு போகிறது. ஆனால் இவ்வாதத்தை மட்டும் படிப்பவர், கத்தரிக்கோல் பட்டதும் கழுத்தில் இறங்கும் பாரத்தை மறந்துவிடுவார். தாபோல்கரின் தொண்டர்கள் தலைத்தோலின் பக்கம் நின்றார்கள் என்பதைச் சமூக அறிவியல் போதிய அளவு ஏற்கவில்லை.

இது இந்தியாவுக்கே உரிய சிக்கலும் அன்று. போலந்து நாட்டு உழவரிடையே ‘கோல்ட்டூன்’ எனப்பட்ட சடையை வெட்டினால் நோய் உடலுக்குள் திரும்பும், கண் போகும் என்ற அச்சம் நூற்றாண்டுகளாக நிலவியது. மருத்துவரும் அதை ஒரு நோயாகவே கொண்டு இலத்தீனில் ‘பிலிகா பொலோனிகா’ எனப் பெயரிட்டனர். 19-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் மருத்துவப் பேராசிரியர் யூசெப் தீட்ல் அது நோயன்று, சீவாத முடியே என்று நிறுவப் பாடுபட்டார். சடைக்கு வரி வரப்போகிறது என்று பரவிய வதந்தியும் பலரைக் கத்தரிக்கோலிடம் அனுப்பியதாகச் சொல்வர். அங்கே வெட்டத் தடையாக நின்றது நோயச்சம். இங்கே தேவியின் சினம். கற்றையின் அடியில் இருந்த அரிப்பு இரண்டிடத்திலும் ஒன்றே.

இன்று பெங்களூரிலும் கோவாவிலும் கட்டணம் பெற்றுக் கொக்கி ஊசியால் சடை திரித்துத் தரும் நிலையங்கள் இயங்குகின்றன. எத்தனை நாளுக்கொருமுறை தோலைக் கழுவுவது, உறங்குமுன் எவ்வளவு நேரம் உலர்த்துவது, அரித்தால் எதைத் தடவுவது என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். அங்கிருந்து சில மணிநேரப் பயணத்தில் உள்ள சவதத்திக் குன்றில், சடை விழுந்த பெண்ணுக்கு முன் இன்றும் இரண்டு வழிகளே வைக்கப்படுகின்றன: தொடாமல் விடு, அல்லது வெட்டிவிடு. சடையை வைத்துக்கொண்டே தோலைப் பேண விரும்பும் ஜோகம்மாவுக்கு அந்தக் கழுவும் முறையைச் சொல்ல, பக்தரிலும் சீர்திருத்தக்காரரிலும் எவருக்கும் காரணம் இருக்கவில்லை.